தையலுக்கு விட்ட இரண்டு இஞ்ச்

குழாய் உள்ளே நுழைய மாட்டேன் என்று அடம் பிடித்தது. சரியாக இரண்டு இஞ்ச் நீளம் கூடுதல்.

கடிகாரக்காரர் காருக்குள் மல்லாந்து கிடந்தபடி அதை முறைத்தார். ஊராரின் கைக்கடிகாரங்களைப் பழுது பார்க்கிறவர், மூன்று வருடமாக வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கையால் ஒரு கார் கட்டுகிறார். ஸ்டீயரிங்கைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றுதான் பாக்கி. வியாழக்கிழமை வண்டிப் பரிசோதகர் வந்து 'தேறியது' என்று எழுதினால் கொட்டகை காருக்கு. இல்லையென்றால் காரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கொட்டகையை மனைவியின் தையல் மெஷின்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் அப்படித்தான் ஒப்பந்தம்.

உள்ளங்கைக்கு மேல் பெரிதாக எதையும் அளந்து அவருக்குப் பழக்கமில்லை. அதனால் அளவெடுக்கிற வேலை மனைவியுடையது.

"ஏண்டி, எப்படி அளந்தே?"

"ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் தையலுக்கு விட்டிருக்கேன்."

"இரும்புல எங்கடி தையல்?"

"நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாமில்ல?"

"காருக்கா உடம்பு போடும்?"

"காருக்குன்னு நான் சொன்னேனா?" என்று அவர் தொந்தியைப் பார்த்தாள்.

இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற மைத்துனன் வந்து குழாயை அறுத்து, இரண்டு பக்கத் தூண்களுக்கும் குறுக்கே வைத்து வெல்டிங் அடித்தான். அடுத்தது, ஸ்டீயரிங் தண்டைக் கீழேயிருந்து தாங்கும் கால்.

மனைவி அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கடிகாரக்காரர் இப்போது உஷார்.

"அக்கா கணக்கு நமக்குத் தெரியும்டா மச்சான். தையலுக்கு விட்ட ரெண்டு இஞ்சைக் கழிச்சு அறு!" என்று அவள் எதிரிலேயே சத்தமாகச் சொன்னார்.

அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் ஒன்றும் பேசவில்லை.

அறுத்த இரும்புக் காலை மாட்டியதும், சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். ஸ்டீயரிங் அவர் தொடைமேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தடவை நான் தையலுக்கே விடலையே" என்றாள், குண்டூசிகளை எடுத்துவிட்டு.

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஊசியை முழுங்கிட்டா சொல்லச் சொல்றீங்க?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "விடுங்க மாமா. தண்டு சரிவா மேல ஏறுது இல்ல? அதை உங்க பக்கமா கொஞ்சம் நீட்டினா ஸ்டீயரிங் தானா உயரும்."

"எவ்வளவு நீட்டணும்?"

மனைவி நாடாவைப் பிடித்தாள். "நாலு இஞ்ச்."

நீட்டினார்கள். ஸ்டீயரிங் உயர்ந்தது. தொடை தப்பியது, வயிறு மாட்டியது. மூச்சை உள்ளே இழுத்தால் வண்டியில் உட்காரலாம். விட்டால் ஹாரன் அடித்தது.

"சீட்டைப் பின்னால தள்ளுடா!"

"பின்னாடி பெட்ரோல் டேங்க் மாமா. அதுமேலதான் தள்ளணும்."

இதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. பரிசோதகர் ஓர் இளம் பெண், கையில் அட்டையும் பேனாவும். அவள் வருவதற்குள் கடிகாரக்காரர் உள்ளே ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் சார்" என்றாள்.

அவர் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். ஹாரன்தான் வணக்கம் சொன்னது.

பரிசோதகர் குனிந்து ஒவ்வொரு வெல்டிங்காகத் தடவிப் பார்த்தாள். போல்ட்டுகளை ஸ்பேனரால் சோதித்தாள். குறுக்குக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு உலுக்கினாள். கார்தான் ஆடியதே தவிர, சட்டம் இம்மியும் அசையவில்லை. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். கடிகாரக்காரரின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. அவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"தேறிடுச்சு சார்."

பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் அவர் ஒரேயடியாக விட்டார். ஹாரன் தெருக்கோடி வரை கேட்டது. அவருக்கோ அது மேளச்சத்தமாக இருந்தது. கொட்டகை பிழைத்தது! இனித் தினமும் நாலு மைல் நடந்தாவது இந்தத் தொந்தியைக் கரைத்துவிட வேண்டியதுதான். மனைவியும் மைத்துனனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, பாட்டில் மூடியைப் போல வெளியே வந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார்.

பரிசோதகர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதை மனைவியிடம் நீட்டினாள்.

"சாரை எதுக்குக்கா உள்ளே அடைச்சு வச்சிருந்தீங்க? ஓட்டப்போறது நான்தான்னு மூணு மாசம் முந்தியே உங்க கை, கால், இடுப்பு அளவெல்லாம் விண்ணப்பத்துல எழுதி அனுப்பினீங்களே, வண்டி அதுக்கு அரை இஞ்ச்கூடப் பிசகல!"