சம்மன் கொண்டுபோன பட்டுச்சேலை

தெரியாத விஷயங்களில்தான் எனக்குத் தன்னம்பிக்கை அதிகம். இதை என் கணவர் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். நான் ஒப்புக்கொள்வது இன்றுதான்.

ஊரில் அக்கா குடியிருக்கும் காணி, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுச் சொத்து. அதைப் பிரிக்காமல் அவளால் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. மாரி வந்தால் குசினியில் குடை பிடித்துத்தான் சமையல். ஒருவழியாக யாழ்ப்பாணத்து லோயர் பிரிவினை வழக்குப் போட்டார். பெரியப்பாவின் மகன் சிறி அண்ணை எங்களைப்போல ஒஸ்லோவில்தான், குரோருட்டில் இருக்கிறார். அவருக்குச் சம்மன் சேர்ந்தால்தான் வழக்கு நகரும். வெளிநாடு என்பதால் அது அமைச்சு வழியாகப் போகவேண்டும், மாதக்கணக்காகும் என்றார் லோயர்.

"அமைச்சு ஏன்? எங்கட வீட்டிலையிருந்து மூண்டு ஸ்டேசன். நான் குடுக்கிறன்" என்று அந்த வழியை நிறுத்தச் சொல்லி, பிரதியை எனக்கு அனுப்பவைத்தேன்.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "இஞ்சை நினைச்ச ஆக்கள் கொண்டுபோய்க் குடுக்கேலாது. கோட் தபாலிலை அனுப்பும். இல்லாட்டி அதுக்கெண்டே நியமிச்ச ஆள், ஸ்தெவ்னவித்னே, வருவார்."

"ஊரிலை கோட் பிஸ்கால்காரர் சைக்கிளிலை வந்து குடுக்கிறேல்லையோ? ஆள் ஒளிச்சால் கதவிலை ஒட்டிப்போட்டுப் போறேல்லையோ?"

"நீ பிஸ்கால்காரரோ?"

(நல்ல கேள்வி.)

என்னோடு வேலை செய்யும் சென்னைப் பெண்ணைக் கேட்டேன். "எங்க ஊர்ல அமீனா வருவாருக்கா" என்றாள். ஆக, மூன்று ஊருக்கு மூன்று சட்டம். நான்காவதாக என் சட்டத்தைக் கையில் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு நேரே சிறி அண்ணை வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு சீப்பு வாழைப்பழம். (சம்மன் கொடுக்கப் பழத்தோடு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.) கணவரும் வந்தார், வேடிக்கை பார்க்க.

கதவைத் திறந்த மச்சாள், சிறி அண்ணையின் மனைவி, எங்கள் இருவரையும், சேலையையும், பழத்தையும், என் கையிலிருந்த நீள உறையையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எட, உங்கட பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்திட்டுதே! இஞ்சேருங்கோ, ஓடிவாங்கோ!"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் றோல்ஸ் வந்துவிட்டது. றோல்ஸைக் கடித்துக்கொண்டு 'இது வழக்கு' என்று எப்படிச் சொல்வது? எழுந்து நின்று, இரண்டு கையாலும் உறையை நீட்டினேன்.

"அண்ணை, வாங்கினதுக்கு இதிலை ஒரு கையெழுத்து."

"கலியாண அழைப்புக் காட்டுக்கும் கையெழுத்தோ?"

"இப்ப கலியாண ஹோலிலை சாப்பாட்டுக் கணக்கு இறுக்கம் அண்ணை."

கணவருக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. அண்ணை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். மச்சாள் உறையைப் பிரிக்காமல் சாமிப்படத்தடியில் வைத்துக் குங்குமம் தொட்டார்.

நாங்கள் வீடு சேரமுன்னரே பேர்கனில் படிக்கும் மகள் அழைத்தாள். "அம்மா, எனக்குக் கலியாணமாம். ஆறு பேர் 'கிராத்துலேரர்' எண்டு வாழ்த்து அனுப்பியிருக்கினம். மாப்பிள்ளை ஆரெண்டு எனக்கும் சொன்னால் நல்லம்."

மறுநாள் காலை சிறி அண்ணை. "தங்கச்சி, காட் வாசிச்சன். மாப்பிள்ளையின்ரை பெயரைக் காணேல்லை. எதிராளி எண்டு என்ரை பெயர்தான் கிடக்கு."

மன்னிப்புக் கேட்டு, வழக்குக் கதை முழுவதையும் சொன்னேன்.

"காணியைப் பிரிக்க நான் எப்ப மாட்டன் எண்டனான்? ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கையெழுத்தை யாழ்ப்பாணத்து நீதிமன்றம் ஏற்கவில்லை. முறையான வழியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. என் அவசரத்தால் அக்கா இன்னொரு மாரியும் குடை பிடித்தாள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு நோர்வேஜியப் பெண் சைக்கிள் ஹெல்மெட்டோடு குரோருட்டுக்கு வந்து, இரண்டு நிமிடத்தில் சம்மனைக் கொடுத்துவிட்டுப் போனாள். பட்டும் இல்லை, பழமும் இல்லை. வழக்கு முடிந்து அக்காவின் குசினிக்குக் கூரையும் வந்தது.

போன வருடம் மகளுக்கு உண்மையாகவே கலியாணம். அழைப்புக் காட்டோடு வீடு வீடாக ஏறினோம். எல்லோரும் வாசலிலேயே உறையைப் பிரித்து, கடைசி வரிவரை வாசித்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். சிறி அண்ணை மட்டும் பிரிக்கவேயில்லை. கண்ணாடியைப் போட்டு, பேனையைத் திறந்துகொண்டு கேட்டார்:

"எங்கை தங்கச்சி வைக்கிறது?"