வட்டி வேண்டாத விருந்தாளி

786

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பிப்ரவரி மாதம், 2603
(பயப்படவேண்டாம். இங்கே ஜப்பான் வருஷம்தான் போடவேண்டும். நம் கணக்கில் 1943.)

மேடான் நகரில் ஜவுளிக்கடை நடத்திவரும் என் மரியாதைக்குரிய மாமா உமர் மரைக்கார் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் ஜெய்னுலாபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மூட்டுவலி, மாமியின் இருமல், என் மனைவி ரம்லத்தின் கோபம் ஆகிய மூன்றும் குறைந்திருக்க துஆச் செய்கிறேன். நான் சதை குறைந்தும் ஈமான் குறையாமலும் இருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கை இங்கே புட்டாகவும் ரொட்டியாகவும் பாயசமாகவும் பார்த்துவிட்டேன். பிரியாணியாகத்தான் இன்னும் பார்க்கவில்லை, அதையும் காட்டிவிடுவார்கள்.

சரக்கு வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுவேன் என்று சொல்லிக் கப்பலேறியவன், சண்டை வந்து இங்கேயே மாட்டிக்கொண்டது தங்களுக்குத் தெரியும். போன மாதம் கிள்ளானுக்கு வந்த தொங்காங் படகுக்காரர் கையில் தாங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. பெண் பிறந்திருக்கிறாள், நூருன்னிசா என்று பெயர், இப்போது நடக்கிறாள் என்று அதில் ஒரு வரி இருந்தது. கிடங்கிலுள்ள கைலியை விற்றுப் பணத்தைப் பத்திரப்படுத்தாமல் ஊர் திரும்பக்கூடாது என்று இரண்டு பக்கம் இருந்தது. அந்த ஒரு வரியைத் தினமும் படிக்கிறேன். இரண்டு பக்கத்துக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

மாமா, நம் பதினாறு சிப்பம் கைலியும் கிள்ளான் கிடங்கில் பூச்சி அரிக்காமல் இருக்கிறது. ஆனால் அதை நினைத்த ஆளுக்கு விற்க முடியாது. ஜப்பான் சர்க்கார் வைத்திருக்கும் துணிச் சங்கத்துக்குத்தான் கொடுக்கவேண்டும். சங்கம் கையில் காசு தராது, கடையின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதில் போடும். மாத முடிவுக்குள் கணக்கு இல்லாதவன் சரக்கு பறிமுதல். சரி, கணக்குத் திறப்போம் என்று வங்கிக்குப் போனால், வெளியூர்க்காரனுக்குக் கணக்கு கிடையாது என்றார்கள். “ஐயா, ஊருக்குப் போகத்தான் சரக்கையே விற்கிறேன்” என்றேன். “அப்படியானால் நீர் இந்த ஊர்க்காரர் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாரும்” என்றார்கள். அதாவது நான் மேடானுக்கு வரவேண்டுமானால் முதலில் கோலாலம்பூர்க்காரன் ஆகவேண்டும். தாங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாலும் இது இப்படியேதான் இருக்கும்.

வங்கி வாசலில் ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்கிறான். உள்ளே போகிறவன் அவனுக்குக் குனிந்து வணக்கம் போடவேண்டும், போடாதவனுக்குக் கன்னத்தில் அறை. அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் குனிவதில்லை என்று நமக்கு ஒரு கொள்கை இருக்கிறதே, கன்னமும் இரண்டுதானே இருக்கிறது (அவன் இரண்டிலும் அறைவான்) என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசலுக்கு வந்ததும் தொப்பியைக் கீழே நழுவவிட்டுவிட்டு, அதை எடுக்கக் குனிவேன். அவனுக்கு வணக்கமும் ஆயிற்று, எனக்குத் தொப்பியும் கிடைத்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கொஞ்சநாள் போய்வந்தேன். ஒருநாள் அந்தச் சிப்பாய் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தான். முடிந்தது கதை என்று கலிமாவைச் சொல்லிக்கொண்டேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து, தொப்பியை என் தலையில் வைத்து, முகவாய்க்குக் கீழே நன்றாக முடிச்சுப் போட்டுவிட்டு, தோளில் தட்டி உள்ளே அனுப்பினான். அன்று முதல் அந்த முடிச்சோடுதான் வங்கிக்குப் போய்வருகிறேன். பாவம், ஊரில் அவனுக்கும் ஒரு மாமனார் இருப்பார். எதிரியிடம் இப்படி ஒரு நல்ல குணத்தை நான் எதிர்பார்க்கவில்லை, வெட்கமாகவே போய்விட்டது.

அத்தாட்சிக்கு என் வீட்டுக்காரர் தம்புவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், ரெயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்னறையில்தான் சண்டை வந்ததிலிருந்து இருக்கிறேன். நிரந்தரமாக இங்கே குடியிருக்கிறான் என்று இரண்டு வரி எழுதிக்கொடுங்கள் என்றேன். “எழுதலாம் தம்பி, ஆனா பொய் எழுத ஏலாது. ரெயில்வேயில கையெழுத்துப் போட்டுப் பழகின கை” என்றார். அப்புறம் முத்து முத்தான எழுத்தில் இப்படி எழுதினார்: இவர் என் வீட்டில் குடியிருக்கிறார், ஒழுக்கமானவர், வாடகை பாக்கி வைப்பதில்லை, அடுத்த கிழமை போய்விடுவதாக ஒவ்வொரு கிழமையும் சொல்கிறார். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “நீர் சொல்லுறது உண்மைதானே? பிறகென்ன?” என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். கோபம் வந்தாலும், ஆளைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஊரே வளைந்து நெளிந்து நிற்கிற காலத்தில் ஒருவர் ஒரு வரிக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் காகிதத்தோடு வங்கியின் பெரிய அதிகாரி மொரிதா முன்னால் போய் நின்றேன். அவர் பேசுவதை நமக்கும், நாம் பேசுவதை அவருக்கும் சொல்ல மார்க்கிரட் என்று ஒரு பெண் இருக்கிறார். முன்பு கான்வென்ட் பள்ளியில் டீச்சர், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஊர், பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வும் இந்த ஊர்தான். சண்டை வந்து பள்ளி மூடியதும் ஜப்பான் பாஷையைப் படித்து இந்த வேலைக்கு வந்துவிட்டார். திரைச்சீலையில் தைத்த கவுன் போட்டிருந்தார், வளையம் கோத்த ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன. நம்மிடம் பதினாறு சிப்பம் துணி இருக்க, எதிரில் இருப்பவர் ஜன்னல் திரையை உடுத்தியிருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

தம்புவின் கடைசி வரியைக் கேட்டு மொரிதா சிரித்தார். இப்படி ஒரு வீட்டுக்காரர் சாட்சி சொன்னால் நம்பலாம் என்று பேனாவையும் எடுத்தார். எல்லாம் முடியப்போகும் நேரத்தில், வருஷத்துக்கு இவ்வளவு வட்டி தருவோம் என்றார். நான் யோசிக்காமல் “வட்டி வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். மார்க்கிரட் அதைச் சொன்னதும் பேனா நின்றது. மொரிதா தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

“நம்ம பேங்க் அவ்வளவு நாள் நிக்காதுன்னு நெனைக்கிறீங்களான்னு கேக்குறாரு” என்றார் மார்க்கிரட். “யோசிச்சுப் பதில் சொல்லுங்க சார். அவசரமில்ல லா.”

மாமா, இதைவிடச் சின்னச் சொல்லுக்கு ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. வட்டியை வாங்கி ஏழைக்குக் கொடுத்துவிடலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். இப்போது எனக்கும் தோன்றுகிறது. அப்போது பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் தலையில் இல்லை.

“எங்க மார்க்கத்துல அது ஆகாதும்மா. உள்ளதைச் சொல்லிடுங்க” என்றேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். மார்க்கிரட் சொன்னதோ வெகுநேரம் போயிற்று. ஒரு இடத்தில் என்னைக் காட்டினார், ஒரு இடத்தில் ஜன்னலைக் காட்டினார், ஒரு இடத்தில் கையைக் கூப்பினார். மொரிதா எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தயார் செய்தேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் அந்த மனிதர் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்! பதிலுக்கு நழுவவிடத் தொப்பியும் இல்லை, அதைத்தான் சணலால் கட்டிவிட்டார்களே. நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னேன். கணக்கு திறந்தாயிற்று.

வெளியே வந்ததும், என்னம்மா சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க இந்த ஊரு இல்ல, விருந்தாளின்னு சொன்னேன். விருந்தாளி, தங்குன வீட்டுல பொருளை வைக்க இடம் கேப்பாரு, கூலி கேக்கமாட்டாரு. பத்திரமா வச்சிருந்து குடுத்தாலே போதும்னு நெனைக்கிறவருன்னு சொன்னேன்.”

“மார்க்கத்தைப் பற்றி?”

“அதையும்தான் சொன்னேன். கடைசியில சொன்னேன். முதல்ல எதைச் சொல்றோம்கிறதுலதான் சார் இருக்கு.”

பார்த்தீர்களா மாமா! வெளியூர்க்காரன் என்று எதைச் சொல்லி என்னை இத்தனை நாள் விரட்டினார்களோ, அதையே எடுத்து எனக்குக் கேடயமாக்கிவிட்டார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொன்னது பிசகியிருந்தால் என்னோடு அவரும் லோரியில் ஏறியிருப்பார், எனக்காக ஏற அவருக்கு என்ன தலையெழுத்து? இரண்டு கைலி கொண்டுவந்து தருகிறேன் அம்மா, கவுன் தைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “அது கணக்குல போகவேண்டிய துணி. சங்கம் என்ன விலைக்கு விக்குதோ அந்த விலைக்கு வாங்கிக்கிறேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் கடையில் இப்படி ஒரு ஆள் இருந்தால் தாங்கள் பூட்டுச்சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கவேண்டாம்.

ஆகவே தங்கள் உத்தரவுப்படி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இந்த மாதத்துக்குள் சரக்கு சங்கத்துக்குப் போய்விடும், பணம் வட்டியில்லாமல் சுத்தமாக வங்கியில் உட்கார்ந்திருக்கும், பிறகு நான் பயண பாஸுக்கு எழுதிப்போட்டு எப்படியும் நோன்புக்குள் வந்து சேர்வேன். மாமிக்கு என் சலாம். ரம்லத்திடம் நான் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொல்லவும், என்ன சாப்பிடுகிறேன் என்று சொல்லவேண்டாம். குழந்தைக்கு முத்தம். அல்லாஹ் தங்கள் கடைக்கு பரக்கத்தும் கால் மூட்டுக்கு நல்ல எண்ணெயும் தருவானாக.

தங்கள் சொல்லைத் தட்டாத மருமகன்,
ஜெய்னுலாபுதீன்

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் நேற்றுவரை சரி. இன்று காலை மார்க்கிரட் வீட்டுக்கே வந்துவிட்டார். விருந்தாளியை இத்தனை காலம் ஊருக்கு அனுப்பாமல் வைத்திருந்தது ஜப்பான்காரர்களுக்கு அவமானம் என்று மொரிதா துறைமுகத்தில் சொல்லி, வியாழக்கிழமை நம் மேடான் துறைமுகமான பெலாவானுக்குப் போகும் கப்பலில் எனக்கு இடம் வாங்கிவிட்டாராம். ஒரு ஆள், ஒரு பெட்டி. சரக்குக்கு இடமில்லை. விருந்தாளி போய்விட்டால் விருந்தாளியின் கணக்கும் போய்விடும். அதில் இன்னும் ஒரு காசுகூட ஏறவில்லை. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பாலில்லாத ஒரு கோப்பிஓ குடிக்கும் நேரம் யோசித்தேன், உண்மையில் அதுவும் யோசிக்கவில்லை, சூடு ஆறக் காத்திருந்தேன். கணக்கையும் பதினாறு சிப்பத்தையும் மார்க்கிரட் பெயருக்கு மாற்றிவிட்டேன். அவர் இந்த ஊர்க்காரர், அத்தாட்சி கேட்க மாட்டார்கள். “என்னை எப்படி சார் நம்புறீங்க?” என்றார். “உள்ளதைச் சொல்லியே என்னை உயிரோட வெளிய கொண்டாந்தீங்களேம்மா” என்றேன். அவர் வட்டி வாங்குவாரா என்று கேட்கவில்லை.

இதைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அதனால் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையில் கொண்டுவந்திருக்கிறேன். தாங்கள் இதைப் படித்து முடித்துத் தலை நிமிரும்போது எதிரில் நிற்பவன் நான்தான். திட்டுவதாக இருந்தால், நூருன்னிசாவை என் கையில் கொடுத்துவிட்டுத் திட்டுங்கள்.