மாப்பிள்ளை பெட்டியா, கம்பெனிப் பெட்டியா

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். அதை ஒருவருக்கொருவர் உரக்கக் கத்திச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தாங்களும் சம்பந்தியம்மாளும் சளி, இருமல், மூட்டுவலி எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான அறையை நான் பாட்டுக் கேட்கும் அறையாக்கப் போவது தங்கள் வரைக்கும் எட்டியிருக்கிறது. தங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை, சர்வே ஆபீஸில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் கொட்டகையில் மரம் இழைத்து ஸ்பீக்கர் செய்ய உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை தாங்கள் அந்தக் கொட்டகையில் காலெடுத்து வைத்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஈயம் பற்றவைக்கிற புகையைத் தாங்கள் குடித்தது பிள்ளையும் அதையே குடிப்பதற்கா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. ஆகவே அவன் செய்த ஜோடியையும் பெரிய கம்பெனி ஜோடியையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டு ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள், தேறினால் நானே கொட்டகைக்கு வருகிறேன், தேறாவிட்டால் ஆபீஸுக்குத் திரும்பட்டும் என்று எழுதியிருந்தீர்கள்.

தீர்ப்பு சொல்ல ஆள் பிடித்தீர்களே, அதை நினைத்து நினைத்து என் மனைவி இன்னும் சிரிக்கிறாள். நான் ஒன்பதாவது வரை படித்தவன், அதிலும் ஒன்பதாவதை இரண்டு தரம் படித்தவன். முப்பத்தோரு வருஷம் மாவு மில்லில் மெஷின் பக்கத்தில் நின்றவன். "குக்கர் பத்து விசில் அடிச்சாலும் உங்களுக்குக் கேக்காது, உங்களைப் போய் சுருதி பாக்கச் சொல்றாரே! கழுதைக்குத் தெரியுமா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மரியாதை தெரிந்தவள்.

முதலில் கம்பெனி ஜோடி வந்தது. அந்தக் கம்பெனி ஷோரூமில் வேலை பார்க்கிற என் மைத்துனன்தான் கொண்டுவந்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததில் வீடு முழுக்கத் தெர்மாகோல் உருண்டை, இன்றைக்கும் என் தலையணைக்கடியில் இரண்டு இருக்கிறது. குறிப்புப் புத்தகம் பதினோரு பாஷையில் இருந்தது, எனக்குத் தெரிந்த ஒரு பாஷையைத் தவிர. ஒயரே வேண்டாம், போனோடு தானாகச் சேர்ந்துகொள்ளும் என்றான். என் போனோடு சேரவில்லை, அடுத்த வீட்டுப் போனோடு சேர்ந்துகொண்டது. அங்கே யாரோ குழந்தைக்கு வாய்ப்பாடு போட்டுவிட்டிருந்தார்கள் போல, என் அறையில் நாற்பது நிமிஷம் பதினாறாம் வாய்ப்பாடு ஓடியது. ஒன்பதாவதில் இரண்டு வருஷம் வராதது எனக்கு அன்றைக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒயரைத்தான் போட்டோம்.

மறுநாள் மாப்பிள்ளை தன் ஜோடியைக் கொண்டுவந்தார். பழைய ரஜாய்ப் போர்வை சுற்றி, ஒரு பெட்டியைக் காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, இன்னொன்றைப் பின்னால் என் மகள் மடியில் வைத்து. பெண்டாட்டிக்கு பெல்ட் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. இறக்கி வைத்துவிட்டுப் போகும்போது வாசலில் நாலு தடவை திரும்பிப் பார்த்தார், பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி.

நான் இரண்டையும் மூன்று நாள் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டிலும் பாட்டு வந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, விஷயம் தெரிந்தவர்களையே கேட்போம் என்று மைத்துனனையும் மாப்பிள்ளையையும் ஒரே நாளில் வரச்சொல்லி சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன். பெட்டிகளை மறைத்து ஒரு படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டு, பின்னால் நின்று ஒயரை மாற்றிக் கொடுக்கும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டோம். இரண்டாவது தடவை நாலு வரிகூட ஆகியிருக்காது, மைத்துனன் தொடையைத் தட்டினான்.

"அத்தான், இதான் எங்க கம்பெனி! கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவேன். இந்த சுத்தம் வேற யாருக்கு வரும்?"

மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக்கொண்டு பாட்டை முடிகிறவரை கேட்டார். பிறகு மெதுவாக, "இல்லைங்க, இது என்னுது" என்றார்.

"அதெப்படிங்க அவ்வளவு உறுதியா?" என்றான் மைத்துனன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. கனத்த குரல் வர்றப்ப மெல்லிசா ஒரு ஈ பறக்கிற சத்தம். மூணு மாசமாத் தேடறேன், எங்கேன்னு அகப்படலை."

என் மனைவி விரிப்பைத் தூக்கினாள். மாப்பிள்ளை ஜோடிதான். மைத்துனன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்ப எங்காளுங்க இவரைப் பாத்துதான் செஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு செருப்பைத் தேடப் போனான்.

எனக்கு ஈ, கொசு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் டீ குடிக்கப் போன சமயத்தில் பாட்டை ஓடவிட்டு இரண்டு ஜோடி மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மில்லில் காதுக்கு வேலையே கிடையாது, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்பதைக் கைதான் சொல்லும். ஆடுகிற மெஷின் தன் பலத்தை ஆட்டத்திலேயே செலவழித்துவிடும். கம்பெனிப் பெட்டி நாலு பக்கமும் லேசாகக் கிடுகிடுத்தது. மாப்பிள்ளை பெட்டி சுவர் மாதிரி நின்றது. வலது பெட்டியின் பின்பக்கம், கீழ்மூலையில் மட்டும் விரலில் ஒரு குறுகுறுப்பு. ஈ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: தேறியது. விற்கிறவனே தன் சரக்கு என்று ஏமாந்த பெட்டியில், செய்தவர் தன் தப்பைக் கேட்டே அது தன்னுடையது என்று சொல்லுகிறார். இப்படிப்பட்டவரை ஆபீஸில் உட்காரவைத்தால் ஆபீஸுக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். மாதம் முடிவதற்குள் தாங்கள் ஒரு நடை கொட்டகைக்குப் போய் வர வேண்டுகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் நோய்நொடியில்லாமல், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுந்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். கவரை ஒட்டுவதற்குள் அந்த ஈயைப் பிடித்துவிடலாமே என்று வலது பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். நினைத்த இடத்தில்தான் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. முடுக்கினேன். ஈ போய்விட்டது, கூடவே பாட்டும் போய்விட்டது. பற்றவைத்த இடத்திலிருந்து ஒரு ஒயர் கையோடு வந்துவிட்டது. ஆக, தேறிய பெட்டி இப்போது ஊமை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார். அவரை விட்டால் எனக்குத் தெரிந்தவர்களில் பற்றவைக்கத் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான். கொட்டகைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், தங்கள் பழைய சால்டரிங் அயர்னைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையிலேயே இங்கே வந்துவிடவும். மாப்பிள்ளை சில சமயம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார், அதற்கு நான் பொறுப்பில்லை. "முப்பத்தோரு வருஷம் மில்லையே பிரிச்சுப் பூட்டின மனுஷன், உங்க கைக்கு ஒரு ஒயர் தானா வருமாக்கும்?" என்று என் மனைவி பக்கத்தில் நின்று கேட்கிறாள். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.