தெரியாமல் கேட்டவள்

விழுப்புரம்
வெகுதானிய வருஷம், ஆடி மாதக் கடைசி

திண்டிவனத்தில் வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் மகா கனம் பொருந்திய மச்சான் தாண்டவராயன் அவர்களுக்கு, விழுப்புரம் என்ஜின் ஷெட்டில் கரி அள்ளும் உங்கள் தங்கை புருஷன் பச்சைமுத்து அநேக நமஸ்காரம் சொல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதச் சொன்னேன். எழுதுகிறவள் என் மகள், உங்கள் மருமகள் அம்சவள்ளிதான். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் பேனாவை நிறுத்திவிட்டு, "அம்மா ரெண்டு மாசமா இருமிக்கினு கிடக்குது, உனக்கு முதுகு நிமிரல, என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டேங்கறாங்க. இதுல யாருப்பா க்ஷேமம்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஆகையால் இவ்விடம் ஆடு க்ஷேமம். அவ்விடத்து நிலவரத்தையும் நன்றாக விசாரித்துக்கொண்டு எழுதவும்.

மச்சான், உங்கள் மேல் எனக்குள்ள வருத்தத்தை மரியாதையாகவே சொல்லிவிடுகிறேன். கோடை லீவில் பெண்ணை உங்களிடம் அனுப்பினேன். கணக்கில் கொஞ்சம் மந்தம், தேற்றி அனுப்புவீர்கள் என்றுதான். நீங்களோ, "எதைப் படிச்சாலும் அது நெஜமா, எப்படித் தெரியும்னு ஒரு தரம் கேட்டுப் பாரு" என்று சொல்லிக்கொடுத்து ரயில் ஏற்றிவிட்டீர்கள். கணக்கு மந்தமாகவேதான் இருக்கிறது. கேள்விதான் பெருத்துப்போயிற்று. உங்கள் தங்கை கோவிந்தம்மாளின் இருமலுக்குச் சூரணம் கொண்டுவந்த வைத்தியர் துரைக்கண்ணுவைப் பார்த்து, "இதைச் சாப்புட்டு யாருக்குங்க நல்லாச்சு?" என்றாள். அவர் பெருமையாக, "நம்ம மாயவனுக்கு" என்றார். "மாயவன் மாமா பங்குனியிலயே செத்துப் போச்சுங்களே" என்றாள். மனுஷர் பையைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான், எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. கோவிந்தம்மாள் இன்னும் இருமுகிறாள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த கதைதான் எங்கள் குடியைக் கெடுத்தது. கோதண்டபாணி வாத்தியார் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததுமே பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு பதில் என்று பங்கு பிரித்துக் கொடுத்து, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுகிற மாதிரி உருப்போட வைத்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து வரிசையில் முதல் பையனுக்குக் காய்ச்சல், அவன் வரவில்லை. வாத்தியார் நடுக்கத்தில் அதைக் கவனிக்காமல், "நம்முடைய சக்கரவர்த்தி யார்?" என்று ஆரம்பித்தார். ரெண்டாவது பையன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "மல்லாட்டைங்க" என்றான். "இந்தப் பக்கத்தில் அதிகம் விளைவது எது?" என்றதற்கு அடுத்தவன், "கன்னியாகுமரிங்க" என்றான். நிலக்கடலைக்காரனும் கன்னியாகுமரிக்காரனும் அவரவர் பங்குப் பதிலைச் சரியாகத்தான் சொன்னார்கள், பாவம்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்திருக்கும் கடைசி மூலைக்கு வந்து, அம்சவள்ளியிடம் தாமே ஒரு கேள்வி கேட்டார்: "நம் மாகாண ஜனங்களின் முக்கிய ஆகாரம் என்ன?" தெய்வாதீனமாக இவள் உருப்போட்டதும் அதே கேள்விதான். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பொஸ்தகத்துல அரிசின்னு போட்டிருக்குதுங்க" என்றாள். அதோடு உட்கார்ந்திருக்கக் கூடாதா? "எங்க வீட்டுல கேப்பைக் கூழுங்க. எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் கேப்பைதாங்க. அப்போ ஜனங்கன்னா யாருங்க?" என்று கேட்டிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாத்தியார் அன்றைக்கே அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவள் எல்லார் முன்னாலும் நின்று, 'தெரியாமல் கேட்டுவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் வழி நெடுக அவளுக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். அவளும் தட்டாமல் நின்று, "ஐயா, தெரியாமத்தாங்க கேட்டேன். தெரிஞ்சிருந்தா எதுக்குக் கேக்கப்போறேன்? இன்னும் தெரியலைங்க. சொல்லிக்குடுங்க" என்றாள். குறும்புக்குச் சொல்லவில்லை, மச்சான், மனதாரத்தான் சொன்னாள். அதுதான் பெரிய கஷ்டம். வாத்தியார் என்னை ஓரமாக அழைத்துப்போய், "எனக்கும் தெரியாதுப்பா. அச்சுல இருக்கறதைச் சொல்றேன். பெரிய பேஜாரு இது, நீ பொண்ணைக் கூட்டிக்கினு போ" என்றார்.

இப்போது அவள் அம்மாவோடு மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போகிறாள். வருகிற பங்குனியில் எட்டாவது பரீட்சை. எங்கள் தெருவிலிருந்து அந்தப் பரீட்சைக்கு உட்காரப்போகிற முதல் பெண் இவள்தான். அது போய்விட்டால் அவள் கை என் கை மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், 'எனக்குத் தெரியாது, வா, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்ல வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? கேட்கத் தெரிந்த பிள்ளையைக் கேள்விக்கு நடுங்குகிற மனுஷரிடம் அனுப்பினால் தெருவில் நிற்கப்போவது யார்? நீங்களா?

ஆகையால் தயவுசெய்து ரெண்டு கடுதாசி போடுங்கள். ஒன்று கோதண்டபாணி வாத்தியாருக்கு, பெண் திருந்திவிட்டாள் என்று. மற்றது இவளுக்கு, இனிமேல் வாயை மூடிக்கொண்டு படி என்று. நான் சொன்னால், 'ஏன்?' என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள், அதாவது அடங்குவாள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசீர்வாதமும் சேரட்டும். மாரியம்மன் உங்களை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். (வைப்பாளா என்று இவள் கேட்கவில்லை. கேட்க வந்தாள், நான் முறைத்தேன்.)

இப்படிக்கு,
பச்சைமுத்து
(கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டதை எல்லாம் தள்ளிவிடவும். முழுக் கடிதத்தையும் அவளையே படித்துக் காட்டச் சொன்னேன். தன்னைத் திட்டியதைக்கூட ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். வாயை மூடச் சொல்லும் இடத்தைப் படித்ததும் கடுதாசியை என் மடியில் வைத்துவிட்டாள். கூழ் கிண்டிக்கொண்டிருந்த உங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாயை மூடிக்கினு இருக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? அதை நானே சொல்லிக்குடுத்துடுவேனே. பொறந்ததுலயிருந்து அதைத்தானே பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக் காலை வண்டியில் அம்சவள்ளி திண்டிவனம் வருகிறாள், இந்தக் கடிதத்தை அவளே உங்கள் கையில் கொடுப்பாள். உங்கள் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துப் பரீட்சைக்கு உட்கார வையுங்கள். கேட்கிறதைக் கேட்கட்டும். சேர்த்துவிட்டேன் என்று பதில் போட வேண்டாம், மச்சான். படித்துச் சொல்ல இனிமேல் இங்கே ஆள் இல்லை.