அவுட்டாகாத ஆல்டர்டன் பாதிரியார்

விக்டோரியா மகாராணியார் ஆட்சியில் குருப்பட்டம் பெற்று, வைகைக்கரை மாந்தரைக் கடைத்தேற்றவெனக் கடல் கடந்து வந்து, அவர்களைக் காட்டிலும் கிரிக்கெட் மட்டையையே மிகுதியாகக் கட்டித் தழுவிய வெண்தாடி வேந்தர், மட்டையேந்திய பெருமான், ஆல்டர்டன் பாதிரியார் வாழ்க! மிஷன் மைதானத்தில் அவரை அவுட்டாக்கிய வீரன் அதுவரை பிறந்ததில்லை. ஏனெனில் அம்பயராக நின்றோர் அனைவரும் அவரிடம் சம்பளம் வாங்கியோர்.

1927ஆம் ஆண்டு சித்திரை மாதத்துச் சனிக்கிழமையன்று மதுரை வக்கீல்கள் படையெடுத்து வந்தனர். அவர்களில் ஒருவர் வெயிலுக்கு அஞ்சி வராமற்போகவே, அந்த இடத்தை நிரப்பப் பாதிரியாரின் சமையற்காரன் முத்திருளன் எல்லைக்கோட்டில் நிறுத்தப்பட்டான்.

கல்யாணராம வக்கீல் இடியென எறிந்த பந்தைப் பாதிரியார் மதயானைத் துதிக்கையென மட்டை சுழற்றி விண்ணுக்கு அனுப்ப, அது பருந்துகளை விலக்கி, கதிரவனை மறைத்து, இறங்க மனமின்றித் தயங்கி, இறுதியில் கரண்டி பிடித்துக் காய்த்த முத்திருளனின் கைகளுக்குள் வந்து விழுந்தது. வாழ்நாளில் அவன் பிடித்த முதற்பந்து. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

வக்கீல்கள் கடலென ஆர்த்தனர். பாதிரியாரோ, பொய்யுரைப்போர்க்குரிய நரகத்தீயை ஞாயிறுதோறும் விவரிக்கும் அதே திருவாய் திறந்து முழங்கினார்: "பந்து தரையைத் தொட்டது! நான் அவுட் அல்ல!"

அம்பயராக நின்றவர், வேலை நிரந்தரமாகக் காத்திருந்த மிஷன் பள்ளி ஆசிரியர் சாம்பசிவம். அவர் வானைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார். "புழுதியில எனக்குச் சரியாத் தெரியலைங்க" என்றார்.

"கைய விட்டு எறங்கவே இல்லைங்களே ஐயா" என்றான் முத்திருளன்.

"தொட்டது என்று சொல்! இல்லையேல் என் சமையலறைக்குள் இனி நுழையாதே!"

தேநீர்க் கெட்டிலோடு மரத்தடியில் நின்ற அவன் மனைவி சின்னத்தாய் கத்தினாள்: "ஏங்க, ஒத்துக்கிறாதீக! நானும் பாத்தேன், கையிலதான் இருந்துச்சு."

சூப்பில் உப்பில்லையென்றும் ரொட்டி கருகியதென்றும் ஆண்டாண்டாய் வாங்கிய ஏச்செல்லாம் அக்கணம் முத்திருளனுள் உலைநீரெனப் பொங்கின. பந்தைப் பாதிரியாரின் காலடியில் மெல்ல வைத்தான்.

"ஐயா ஆடிக்கிட்டே இருங்க. நாங்க ஊருக்குப் போறோம்."

இருவரும் சோழவந்தான் சாலையில் இறங்கி நடந்தனர். அவள் வைத்துவிட்டுப் போன தேநீரைக் குடித்து முடித்து, வக்கீல்களும் கலைந்தனர். எதிரிகள் அற்ற அப்பெருங்களத்தில், சுடுவெயிலே வெண்கொற்றக்குடையாக, புழுதியே புகழாரமாக, மட்டையை ஊன்றி, எவராலும் வெல்லப்படாதவராய்த் தன்னந்தனியே நின்றார் ஆல்டர்டன் பாதிரியார்.

மறுநாள் காலை அவர் வைத்த கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.