பிறின்சின் பங்கு

சட்டி திரும்பவும் வந்துவிட்டது.

மேரிசெலின் கோழித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்த நேரம் கதவு மணி அடித்தது. வாசலில் எதிர்வீட்டு எலன் நின்றார். ஒரு கையில் மேரிசெலினின் மகள் எமிலியா. மறு கையில் நீலப் பூப் போட்ட அந்தக் கண்ணாடிச் சட்டி, மேலே வெள்ளைத் துவாய் மூடி.

"இண்டைக்கு ஈரல் அரைச்சு வேகவைச்சனான். இன்னும் சூடு ஆறேல்லை," என்றார் எலன்.

எலன் இதை டெனிஸ் மொழியில்தான் சொன்னார். ஆனால் மேரிசெலின் பிறகு இந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போது எலனும் சரி, மூலைக்கடை அக்சலும் சரி, யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் போலத்தான் கதைப்பார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

"தக், எலன் அன்ரி, தக்," என்று நன்றி சொல்லிச் சட்டியை வாங்கினாள் மேரிசெலின். கதவைச் சாத்திய பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குசினிக்குள் வந்த கணவன் பேனாட் மூக்கைச் சுருக்கினான்.

"என்ன இது மணக்குது?"

"ஈரல்."

"இண்டைக்கு வெள்ளியெல்லோ? தவக்காலமும்! இறைச்சி ஆகாதே!"

"அது அன்ரிக்குத் தெரியுமே? அவையள் வேறை சபை."

"அப்ப நாளைக்குச் சாப்பிடுவம்."

"முந்தி அந்தச் சீனி போட்ட மீனைச் சாப்பிட்டிட்டு நீங்கள் பட்டபாடு மறந்துபோச்சோ?"

பேனாட்டுக்கு மறக்கவில்லை. பச்சை மீனைச் சீனியிலும் வினாகிரியிலும் ஊறப்போட்டு ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து தருவார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

எல்லாம் ஒரு அப்பிள் கேக்கில் ஆரம்பித்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு ஒக்ரோபரில் இவர்கள் ஒடென்சே நகரில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது, எலனும் அதே மாடிக்குப் புதிது. ஒரு மாதம் முன்னர்தான் வேறு ஊரிலிருந்து தனியாக வந்திருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் புதிதாக வந்தவர்களைப் பார்த்தால் ஒரு சந்தோசம். கேக் செய்து இந்தச் சட்டியில் கொண்டுவந்தார்.

கேக் நல்ல கேக். ஒரே மூச்சில் முடிந்தது. மேரிசெலின் சட்டியைக் கழுவித் துடைத்தாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெறுஞ்சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவளுடைய பரம்பரையிலேயே இல்லை. மீன் றோல்ஸ் பொரித்து அடுக்கிக் கொடுத்தாள். அடுத்த கிழமை சட்டி மீனோடு வந்தது. இவள் கட்லட் கொடுத்தாள். சட்டி அவித்த சிவப்புக் கோவா இலையோடு வந்தது. அன்றிலிருந்து அந்தச் சட்டி இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல முடியாது. எமிலியாவின் பள்ளிக்கூடம் மத்தியானம் முடியும். மேரிசெலினின் வேலை பின்னேரம்தான் முடியும். இடைப்பட்ட நேரம் பிள்ளை எலன் வீட்டில். எலன் முகம் சுளித்தால் பிள்ளைக்கு இடமில்லை. பிள்ளைக்கு இடமில்லாவிட்டால் இவளுக்கு வேலை இல்லை.

சாப்பாட்டைக் குப்பையில் போடவும் அவளுக்கு மனம் வராது. அதற்கு ஒரு வழி காட்டியவர்தான் அக்சல்.

தெரு மூலையில், சில படிகள் கீழே இறங்கினால் அக்சலின் கடை. கதவைத் திறந்தால் தலைக்குமேல் ஒரு மணி கிணுங்கும். கோப்பிக்கொட்டை, சவுக்காரம், மண் ஒட்டின உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த அந்த மணம் அந்தத் தெருவில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. மனைவி இறந்த பிறகு கடையில் அக்சல் தனி ஆள். நவம்பரில் ஒருநாள் ஊறின மீனைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கடைவாசல் குப்பைத் தொட்டியடியில் மேரிசெலின் திண்டாடுவதைக் கண்டு வெளியே வந்தார்.

"எறியாதை பிள்ளை. என்னட்டைக் குடு. என்ரை நாய் தின்னும்."

நாயின் பெயர் பிறின்ஸ். வயதான நாயாம், பின்னங்கால் ஏலாதாம், அந்நியரைக் கண்டால் ஆகாதாம், எந்நேரமும் கடையின் பின்னறையில் படுத்திருக்குமாம். "பிறின்சைப் பார்க்கலாமோ?" என்று கேட்கிற பிள்ளைக்கு, "நித்திரையாக் கிடக்குது" என்று சொல்லி அக்சல் ஒரு கறுப்பு உப்பு இனிப்பைக் கையில் வைப்பார். எங்களில் நாக்குக் கறுக்காத பிள்ளை ஒன்றும் இல்லை.

ஈரல் வந்த மறுநாள் அதையும் பிறின்சுக்குக் கொடுத்துவிட்டு மேரிசெலின் மெல்லக் கேட்டாள்.

"அக்சல் அண்ணை, நான் சட்டியை வெறுமனே திருப்பிக் குடுத்தால் என்ன?"

அக்சல் கையிலிருந்த மாக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெறுஞ்சட்டியோ? என்ன கதை இது! இந்த நாட்டிலை அப்பிடிக் குடுத்தால், இனி உன்ரை முகத்திலை முழிக்கமாட்டன் எண்டு அர்த்தம்!"

மேரிசெலின் நடுங்கிப்போய்க் கோதுமை மாவும் மாஜரினும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அப்ப சின்னனா ஏதும் போட்டுக் குடுமன். கொஞ்சம் சீனி போட்டுக் குடும். அதுக்கு அவ என்ன திருப்பித் தாறது?" என்றான் பேனாட்.

நல்ல யோசனை போலத்தான் இருந்தது. சட்டியின் அடியில் சீனியைப் பரப்பிக் கொடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வர, வாசலில் எலன். சட்டி நிறையப் பழக் கேக், அதற்குமேல் பெரிய போத்தலில் ஜாம்.

"உம்மடை சீனியிலைதான் செய்தனான்!" என்றார் பெருமையாக.

பேனாட் தலையைச் சொறிந்தான். "சரி, இனி ஒரே வழிதான். ஜேர்மனியிலை இருந்து எங்கடை சின்னமணி மாமா அனுப்பின மிளகாய்த்தூளை எடும். ஒரு றோல்ஸ் கடிச்சால் மனிசி ஆயுளுக்கும் சட்டிப் பக்கம் வரக்கூடாது."

"பாவமப்பா."

"ஈரல் பாவமில்லையோ?"

மேரிசெலின் கண்ணை மூடிக்கொண்டு தூளைக் கொட்டினாள். பொரிக்கும்போது அவளுக்கே இருமல் எடுத்தது. கொடுத்துவிட்டு அன்றிரவு முழுவதும் எலன் அன்ரிக்காகச் செபமாலை சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் எலன் சட்டியோடு வந்தார். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"ஒரு துண்டும் மிஞ்சேல்லை!" என்றார். "எல்லாம் முடிஞ்சுது!"

சட்டிக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு கஞ்சி. கறுப்புப் பாண் ரொட்டியைப் பியரில் அவித்துக் கரைத்தது. பேனாட் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"பியரை இப்பிடியும் பழுதாக்கலாம் எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது," என்றான்.

அதைப் பிறின்சுக்குக் கொண்டுபோனபோது அக்சல் கண்ணும் மூக்கும் சிவந்துபோய், பால் போத்தலை வாயில் வைத்தபடி நின்றார்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"தடிமன்," என்றார் அக்சல் அடைத்த குரலில்.

ஏப்ரனின் நாடாவும் இடுப்பைச் சுற்றி எட்டாததால் முடிச்சுப் போட முடியாமல் இருந்தது. குளிருக்கு உள்ளே இரண்டு மூன்று சுவெற்றர் போட்டிருக்கிறார் போல என்று மேரிசெலின் இரக்கப்பட்டாள்.

மூன்றாவது யோசனை அவளுடையது. சட்டி இல்லாவிட்டால் சாப்பாடு எப்படி வரும்? கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். எலன் வீட்டு மணியை அடித்து, தரையைப் பார்த்தபடி, "அன்ரி, சட்டி கைதவறி உடைஞ்சுபோச்சு," என்றாள். பொய் சொன்ன வெட்கத்தில் கண்ணீர் உண்மையாகவே வந்துவிட்டது.

"ஐயோ, ஒரு சட்டிக்கு ஆரும் அழுவினமே?" என்று எலன் அவளைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார்.

அடுத்த நாள் எலன் ஒரு தகரத் தட்டத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய சட்டியைப்போல மூன்று மடங்கு. உள்ளே தோலோடு வாட்டின பன்றி இறைச்சி.

"இது உமக்கே உமக்கு. தகரம். விழுந்தாலும் உடையாது!"

அந்தத் தட்டத்தை நிரப்ப மேரிசெலினுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது. மா குழைத்து, ரின்னில் அடைத்து வருகிற மீனைப் பிரட்டி, றோல்ஸ் சுற்றிச் சுற்றி முழங்கை விட்டுப்போனது. பேனாட் வாயைத் திறக்காமல் வெங்காயம் உரித்தான். இடையில் மா முடிந்து, அக்சலிடம் ஓடினாள். அவர் சந்தோசமாக அள்ளிக் கொடுத்தார்.

கடைசி றோல்ஸ் எண்ணெயில் கிடக்கும்போது மணி அடித்தது. எமிலியாவின் கம்பளித் தொப்பியை எலன் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் பிள்ளை விட்டுவிட்டு வந்தது.

"எலன்! செ!" என்று டெனிசில் கூவிக்கொண்டு அறைக்குள்ளிருந்து எமிலியா ஓடிவந்தாள். பார், பார் என்று அவள் நீட்டிய கையில் பொம்மை. பொம்மை படுத்திருந்தது நீலப் பூப் போட்ட கண்ணாடிச் சட்டிக்குள்.

அடுப்பில் எண்ணெய் மட்டும் சத்தம் போட்டது.

எலன் சட்டியைப் பார்த்தார். பிறகு மேரிசெலினைப் பார்த்தார். மேரிசெலினுக்குப் படித்த டெனிஸ் எல்லாம் பறந்துபோய்விட்டது. இனி எமிலியாவை யார் பார்ப்பார்கள், திங்கட்கிழமை வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான் மூளைக்குள் சுற்றியது.

"பொய் சொன்னனான் அன்ரி," என்றாள் அழுதுகொண்டு. "எங்களாலை ஏலாமல்போச்சு. அப்பிள் கேக்கும் பழக் கேக்கும்தான் சாப்பிட்டனாங்கள். மிச்சமெல்லாம் அக்சல் அண்ணையின்ரை நாய்க்குத்தான் குடுத்தனான்."

எலன் சப்பாத்து வைக்கிற வாங்குப்பலகையில் பொத்தென்று இருந்தார்.

"பிறின்சுக்கோ?"

"ஓம்."

எலனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மேரிசெலின் தண்ணீர் எடுக்க ஓடினாள். திரும்பிவந்து பார்த்தால் மனிசி சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும்தான்," என்றார் எலன்.

"என்ன நானும்?"

"உம்மடை றோல்ஸ். முதல் நாளே ஒண்டு கடிச்சுப்போட்டு, கனநேரம் தண்ணிக் குழாயடியிலை வாயைத் திறந்துகொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் பிறின்சுக்குத்தான்."

"அப்ப ஏன் அன்ரி திரும்பத் திரும்பச் செய்து தந்தனீங்கள்?"

"உங்கடை ஆக்களுக்கு வெறுஞ்சட்டி குடுத்தால் பஞ்சம் வரட்டும் எண்டு திட்டின மாதிரி எண்டு அக்சல் சொன்னவர். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நீர் கோவிச்சுக்கொண்டு எமிலியாவை அனுப்பாமல் விட்டால்? நான் தனிய இருக்கிறனான் பிள்ளை. மத்தியானம் இவள் வந்து மணி அடிக்கேக்கைதான் எனக்கு விடியுது."

மேரிசெலின் எலனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமும் ஒருவருக்கு ஒருவர் பயந்து சமைத்திருக்கிறோம் என்று நினைக்க அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு நெஞ்சும் நிறைந்தது.

குசினியிலிருந்து பேனாட் தலையை நீட்டினான்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் இன்னும் விளங்கேல்லையே? அக்சல் அங்கை ஒரு கதை, இஞ்சை ஒரு கதை விட்டிருக்கிறார். எல்லாம் மாவும் மாஜரினும் விக்கிறதுக்கு!"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

கண்ணாடிச் சட்டியை எலன் எடுத்தார். தகரத் தட்டத்தை மேரிசெலின் எடுத்தாள். றோல்ஸ் எல்லாம் குசினியிலேயே கிடக்க, இரண்டும் வெறுமை. எமிலியா பொம்மையோடு பின்னால் ஓடினாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நாங்களும் என்னவோ நடக்கப்போகிறது என்று பின்னால் போனோம். படியில் இறங்கும்போது எலன் சொன்னார்: "ஆனால் அந்த நாய் பாவம். அது என்ன செய்தது? முதலிலை அதைப் பார்த்துத் தடவிப்போட்டுத்தான் அக்சலோடை கதை."

கதவு மணி கிணுங்கியது. கல்லாவில் அக்சல் இல்லை. அவருடைய மூக்கை அப்படியே வைத்தது போல ஒரு இளம்பெண் நின்றாள்.

"நான் பிர்கிற். மகள். சில்க்போர்க் ஊரிலை இருந்து வந்தனான்," என்றாள். "அப்பா காற்சட்டை வாங்க ரவுனுக்குப் போயிட்டார். பழையது ஒண்டும் இடுப்பிலை பூட்டுப்படுதில்லையாம்."

"அவர் வரட்டும், நிண்டு கதைக்கிறம்," என்றார் எலன், சட்டியை ணங்கென்று மேசையில் வைத்து. "அதுக்குள்ளை எங்களுக்குப் பிறின்சைக் காட்டும்."

"பிறின்சோ? அது ஆர்?"

"உங்கடை அப்பாவின்ரை நாய்!" என்றாள் மேரிசெலின்.

"அப்பாவுக்கோ நாய்? நாய் மயிர் பட்டாலே நாள் முழுக்கத் தும்முவாரே!"

பிர்கிற் கண்ணாடிச் சட்டியைப் பார்த்தாள். தகரத் தட்டத்தைப் பார்த்தாள். இரண்டையும் கொண்டுவந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"அம்மா செத்ததிலையிருந்து வெறும் பாணோடை கிடந்த மனிசன், இப்ப ஞாயிறுக்கு ஞாயிறு ரெலிபோன் எடுத்து ரெண்டு பேரின்ரை சமையலைப் பற்றித்தான் கதைக்கிறார், அந்த ரெண்டு பேரும் நீங்கள்தானே?"