முப்பத்தொன்பதில் நிற்கும் ஊசி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? என் முழங்கால் வலிக்கென்று மாப்பிள்ளை அனுப்பிய காந்தப் பட்டை வந்து சேர்ந்தது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் இதையெல்லாம் கட்டிக்கொள்ள முடியாது என்று அவர் மனம் நோகாமல் சொல்லிவிடு. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நம் வடநாட்டுத் தமிழ்ப் பள்ளியின் ஆய்வகத்தில் ஒரு பித்தளை வளையம் கண்ணாடிப் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஓர் ஊசி தலை சாய்ந்து கிடக்கும். வருடா வருடம் அதைக் காட்டி, "உடைஞ்ச திசைகாட்டி. கருவியைக் கீழ போட்டா இந்தக் கதிதான்" என்று எச்சரிப்பேன். நீ எழுந்து, "உடைஞ்சதுன்னா கண்டபடி நிக்கணுமே சார், எத்தனை தடவை ஆட்டிவிட்டாலும் ஏன் அதே இடத்துல வந்து நிக்குது?" என்றாய். "சில பேர் எத்தனை தடவை சொன்னாலும் தப்பாவே எழுதறாங்களே, அது மாதிரிதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க நீ கை தூக்கவில்லை.

போன திங்கட்கிழமை தலைமையாசிரியை அதை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஆய்வக அலமாரியைக் காலி செய்கிறார்களாம். இது என்னவென்று வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதித் தந்தால் அருங்காட்சியகத்துக்குப் போகும்; இல்லாவிட்டால் பழைய பித்தளைக்காரரிடம். துடைத்துப் பார்த்தேன் அம்மா. திசைகாட்டியென்றால் வடக்கு, தெற்கு என்று குறித்திருக்க வேண்டும். இதில் இரண்டு பக்கமும் பூஜ்யம், உச்சியிலும் அடியிலும் தொண்ணூறு. அடியில் மட்டம் பார்க்கும் குமிழி. பூமியின் காந்தம் ஊசியை எத்தனை பாகை கீழே சாய்க்கிறது என்று அளக்கும் காந்தச் சரிவுமானி அது. சாய்வதற்காகவே செய்த ஊசியை, சாய்ந்ததற்காக முப்பது வருடம் திட்டியிருக்கிறேன். "அது நல்லா இருக்குன்னா, அப்ப உடைஞ்சது யாருங்க?" என்று கேட்டாள் உன் அம்மா.

சரி, அளந்து எழுதிவிடலாம் என்று சாப்பாட்டு மேசையில் வடக்கு தெற்காகத் திருப்பி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுபது. கொஞ்சம் நகர்ந்தால் பன்னிரண்டு, எழுந்து நின்றால் ஐம்பது, செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, நான் காலை மாற்றிப் போட்டால் அதுவும் தலையை மாற்றிப் போடுது, நான் கடைக்குப் போயிருந்தப்ப பார்த்த உன் அம்மா மட்டும் "எனக்கு முப்பத்தொன்பதுதான் தெரியுது"ங்கறா, முதல்ல உன் கண்ணாடியை மாத்துன்னு சொன்னேன், அதுக்கு ரெண்டு நாளாப் பேச்சில்லை. தோற்றுப்போய், இப்போதுதான் தலைமையாசிரியைக்கு எழுதி உறையிலிட்டேன்: "பழுதான பொருள். எடைக்குப் போடலாம்." நாளை காலை பத்து மணிக்கு அதை எடுத்துப் போகப் பள்ளி வண்டி வருகிறது. நீ கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை, அந்த ஊசிக்கும் இல்லை.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எத்தனை தடவை சொன்னாலும் தப்பாகவே எழுதுகிற
உன் அப்பா

பின்குறிப்பு: அலமாரியில் இருப்பது வெறும் பெட்டிதான். பட்டை நாலு நாளாக என் காலில். உறையை ஒட்டும்போது முழங்கால் அரித்தது. கழற்றி அடுத்த அறையில் போட்டுவிட்டு வந்தேன். ஊசி மெல்ல ஆடி முப்பத்தொன்பதில் நின்றது. ஆட்டிவிட்டேன், முப்பத்தொன்பது. மறுபடியும் முப்பத்தொன்பது. "கண்ணாடியை மாத்தணுமா?" என்றாள் உன் அம்மா. உறையைக் கிழித்துவிட்டேன். புதுச் சீட்டு இது: "காந்தச் சரிவுமானி. உடையவில்லை. முதலில் கவனித்தவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி." வலி குறைந்திருப்பதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. ஒரு தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டி, சமமாகத் தொங்கவிட்டுப் பார். பிறகு அதைக் காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்த்து மறுபடி தொங்கவிட்டு, எந்த முனை கீழே போகிறதென்று எனக்கு எழுது.